ஐந்தாவது சேதி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த முதல் தொந்தரவு காதுதான். கேட்காமல் போகவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கோயமுத்தூர் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டியிருந்த காது, இனி வேலை இல்லை என்றால் உடனே நம்பிவிடுமா? விடியற்காலையில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருவதற்கு முன்னால் வெறும் காற்று ஒரு பெருமூச்சு விடும். அது கேட்கும். காந்திபுரம் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் முதல் டவுன் பஸ் எங்கள் குறுக்குத்தெரு முனையில் கியர் மாற்றுவது கேட்கும். எதிர்வீட்டுக்காரர் ரேடியோவில் செய்தி போடுவதற்கு முன், ஏதோ தானே வாசிக்கப் போகிறவர் போலத் தொண்டையைச் செருமுவது கேட்கும். நான் படுத்தபடியே அந்தந்தச் சத்தத்தை அந்தந்த ஊருக்கு இணைத்துக்கொண்டிருப்பேன். பாதித் தூக்கத்தில் குழாய் வால்பாறையோடு பேசும், பஸ் தாராபுரத்தோடு பேசும். எழுந்து காபி குடித்தால்தான் எல்லா லைனும் அறுபடும்.

தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றேன். ரேஷன் கார்டில் என் ஒருத்தியின் பெயர்தான். அம்மா வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள், அப்பா கவாத்து வெட்டினார். லயன் வீட்டில் பிறந்து, சர்ச்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, இருபது வயதில் கொண்டை ஊசி வளைவு முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே மலையிறங்கி இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு மூன்று பதில்கள் உண்டு. கேட்பவரின் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். உண்மையான பதில் இது: தம்பிகள் படித்து முடிப்பதற்குள் எனக்கு முப்பத்து நான்கு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கேட்டு வந்த யாருக்கும் குரல் சரியில்லை.

சிரிக்க வேண்டாம். எழுத்தாளருக்கு எழுத்துப்பிழை எப்படியோ, எனக்குக் குரல் அப்படி. ஒருவர் 'ஹலோ' என்று சொன்னால் போதும், ஆள் சாப்பிட்டாரா, கடன்காரனுக்குப் பயப்படுகிறாரா, மனைவி பக்கத்தில் நிற்கிறாளா என்று சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் குழப்பம் வரும்.

ட்ரங்க் கால் என்ற ஒன்று இருந்ததே இப்போது பலருக்கு மறந்துவிட்டது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அதை ஒரு சின்ன டிக்கெட்டில் எழுதிக்கொண்டு, போர்டில் வயரைச் சொருகி, அந்த ஊர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவோம். அங்கே இருக்கும் ஆபரேட்டர் உள்ளூர் நம்பரைப் பிடித்துக் கொடுப்பார். பேச்சு தொடங்கியதும் டிக்கெட்டில் தொடங்கிய நேரம், முடிந்ததும் முடிந்த நேரம். மூன்று நிமிஷத்துக்குள் பிரசவம், சாவு, பஞ்சு விலை எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் ஊருக்கு ஊர் ஆபரேட்டர்கள் நாங்கள் நாள் முழுக்க ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். பெயரைச் சொல்லக் கூடாது என்பது இலாகா விதி. அதனால் ஊர்தான் பெயர். நான் கோயமுத்தூர். பொள்ளாச்சி சிடுசிடுப்பார். பழனி எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். தாராபுரம்தான் என் தாராபுரம்.

அவர் குரல் கனமானது. ஆனால் உரசாது. வால்பாறையில் மழைக்காலத்தில் கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டால் வெளியே பேசுவது ஒரு மாதிரிக் கதகதப்பாகக் கேட்குமே, அந்த மாதிரி. தினமும் காலையில் போர்டைத் திறந்ததும் ஒவ்வொரு லைனையும் சோதிக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆபரேட்டர் ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணுவார். எல்லாம் தெளிவாகக் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். தாராபுரம் அப்படியில்லை. எண்ணுக்கு ஒரு சேதி சொல்வார்.

"ஏனுங்க கோயமுத்தூர், எண்ணட்டுங்களா? ஒண்ணு, அமராவதி ஆத்துல தண்ணி உட்டுட்டாங்க. ரெண்டு, பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டு எருமை முட்டிக்கிட்டு ஒரு பஸ்ஸும் நகரலீங்க. மூணு, என்ற பையனுக்கு அம்மை எறங்கிருச்சு. நாலு, சின்ன வெங்காயம் நெம்ப சல்லிசு. அஞ்சு நீங்க சொல்லுங்க."

ஐந்தாவது எப்போதும் என் பக்கத்திலிருந்து போக வேண்டும். லைன் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று தெரிய வேண்டாமா என்பது அவர் சொன்ன நியாயம். நானும் ஏதாவது சொல்வேன். மலையில் பனி இறங்கியிருக்கிறதாம் என்பேன். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பேன். எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் புதுச் செருப்பு வாங்கியிருப்பதால் இன்று முன்கூட்டியே சத்தம் கேட்கும், நமக்கு நல்லது என்று ஒருநாள் சொன்னேன். அன்று அவர் சிரித்த சிரிப்பு வயருக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது போல இருந்தது.

அவருக்கு மனைவி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். மகன் ஒருவன் என்றும் தெரியும். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. பதினாறு வருஷம் பிடித்திருந்தது. அவர் விடுப்பில் போன நாட்களில் வேறு யாரோ ஒன்று இரண்டு எண்ணுவார். அன்றைக்கெல்லாம் எனக்கு உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

எஸ்.டி.டி. வந்ததும் எங்கள் போர்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மக்கள் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாராபுரத்தின் முறை வந்தது. கடைசி நாள் காலையில் அவர் எண்ணினார்.

"ஒண்ணு, ஆத்துல தண்ணி இல்லீங்க. ரெண்டு, இன்னியோட இந்த போர்டக் கழட்டறாங்க. மூணு, என்னைய பில் செக்‌ஷன்ல போட்டுட்டாங்க. நாலு, இத்தன வருசத்துல உங்க மொகம் எப்படியிருக்கும்னு நான் கேட்டதில்லீங்க, கேக்கவும் மாட்டனுங்க. அஞ்சு நீங்க சொல்லுங்க."

எனக்குச் சொல்ல இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சூப்பர்வைசர் அம்மாள் என் பின்னால் வந்து நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பார்த்து பழைய செருப்பு. நான் வயரை உருவிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. பிறகு கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டு யாரைக் கேட்பது? அவர் பெயர் எனக்குத் தெரியாது. யார் பேசுவது என்று கேட்டால் சொல்ல என் பெயர் அவருக்குத் தெரியாது. அதோடு எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வருஷங்கள் போய்விட்டன.

ஓய்வு பெற்ற பின் பேப்பர் படிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, என்னையறியாமல் நாலு சேதியைப் பொறுக்கி எடுப்பேன். ஒன்று, தக்காளி மறுபடியும் ஏறிவிட்டது. இரண்டு, வால்பாறையில் யானை ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்றிருக்கிறது. மூன்று, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி மாறிவிடுமாம். நான்கு, நாளை எங்கள் பகுதியில் மின்தடை. அதற்குப் பிறகு பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் வழியாக வெயில் தரையில் நகர்ந்து என் கால் விரலுக்கு வரும், பிறகு முட்டிக்கு வரும். ஐந்தாவதைச் சொல்ல எனக்கு யாருமில்லை.

சிங்கப்பூரில் இருந்த தம்பி மகள்தான் என்னை இன்டர்நெட்டுக்குத் துரத்தினாள். கடிதம் எழுதினால் வந்து சேர்வதற்குள் சேதி ஊசிப்போகிறது, இமெயில் அனுப்புங்கள் அத்தை என்று எழுதினாள். காந்திபுரத்தில் ரேடியோ பெட்டிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். ஊரில் குண்டு வெடித்த பிறகு, கடைகளின் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்லும் காலம் அது. நான் என் கண்ணாடிக் கூட்டையும் குடையையும் காட்டிவிட்டு மாடியேறுவேன். சென்டர் உரிமையாளருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குடும்பத்துக்கு ஒரு ஸ்பின்னிங் மில் இருந்ததாம். அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் இவர் பங்கைப் பிரித்துக்கொண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுவிட்டார். வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்கில் கெஞ்சுவார். எங்களிடம் தமிழில் அதிகாரம் செய்வார்.

அங்கே எனக்கு முதலில் பிடித்தது மோடத்தின் சத்தம்தான். எல்லோரும் அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அது பழைய சிநேகிதியின் குரல். டயல் டோன் வரும். நம்பர் சுழலும். பிறகு அந்தப் பக்கம் யாரோ எடுத்து, கீச்சென்று ஒன்று, கரகரவென்று ஒன்று, இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றை ஒன்று சோதித்துக்கொள்ளும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். லைன் பிடித்ததும் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் உலகம் முழுவதும் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கும் குரல் இருக்காது.

"ஏனுங்கம்மா, மெயில் பாத்தாச்சுன்னா இந்தச் சாட்டுக்குள்ள போய்ப் பாருங்க" என்றார் உரிமையாளர் ஒருநாள். "ஒலகத்துல இருக்கற வெட்டி ஆளுக பூரா அங்கதான் இருக்காங்க."

"அப்ப என்னைய வெட்டி ஆளுங்கறீங்க?"

"ஐயோ, ரிடையர் ஆனவங்க வெட்டி இல்லீங்கம்மா. அது ரெஸ்ட்டு."

உள்ளே போகப் பெயர் கேட்டது. யோசிக்காமல் 'கோயமுத்தூர் ட்ரங்க்' என்று தட்டிவிட்டேன். பெயர் கேட்டால் எக்ஸ்சேஞ்சைச் சொல்வது முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் முகம் தெரியாத பத்துப் பேர் வயதென்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்டார்கள். வணக்கம் இல்லை, சாப்பிட்டீர்களா இல்லை, எடுத்த எடுப்பில் வயது. 'உங்கள் அம்மா வயது' என்று அடித்தேன். ஒன்பது பேர் ஓடிப்போய்விட்டார்கள்.

ஜோடி தேடுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது. அதையும் வேடிக்கை பார்த்தேன். உயரம், நிறம், படிப்பு, சம்பளம், சைவமா அசைவமா என்று வரிசையாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள் பையோடு வீட்டுக்கு வரும் தரகர் கேட்கிற அதே கேள்விகள்தான், அவருக்குக் கொடுக்கிற காபி மட்டும் மிச்சம். குரலுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. ஒரு மனிதன் உங்களை வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடப் போகிறான், வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப் போகிறான், அது எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் கவலை இல்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, 'அமராவதி' என்ற பெயரில் ஒருவர் வந்தார். பெண் என்று நினைத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருந்தார்.

"வணக்கமுங்க. ட்ரங்குன்னா டெலிபோன் ட்ரங்குங்களா?"

அந்த அறையில் அதைப் புரிந்துகொண்ட முதல் ஆள். மற்றவர்கள் பெட்டியா என்றும் யானைத் தும்பிக்கையா என்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாங்க, ரிடையர்டு, நீங்க என்று கேட்டேன்.

"நானும் ரிடையர்டுதானுங்க. சென்ட்ரல் கவர்மென்ட்டு. ஊரு தாராபுரம். இப்ப பையன் கூடத் திருப்பூர்ல."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். விசிறி மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு ஊரில் மத்திய சர்க்கார் உத்தியோகம் என்றால் தபாலாபீஸ் உண்டு, பேங்க் உண்டு, டெலிபோனிலேயே லைன்மேன் முதல் கிளார்க் வரை எத்தனையோ பேர் உண்டு. போர்டில் நீங்கள்தானா இருந்தீர்கள் என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் வந்துவிடும், பிறகு நான் வீட்டுக்குப் போய் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அவருடைய மகன் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அவன் சாப்பிடப் போகும் மத்தியான நேரத்தில் இவர் அந்த நாற்காலியில் உட்காருவார். தினமும் ஒரு மணிக்கு நான் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மனைவி போய் ஆறு வருஷம் ஆனதைச் சொன்னார். மொட்டை மாடியில் சாயப்பட்டறைத் தண்ணீர் படாமல் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்ப்பதைச் சொன்னார். நான் யானை அரிசி தின்ற சேதியைச் சொன்னேன். எழுத்துக்குக் குரல் இல்லாததால் நானே அதற்குக் குரல் போட்டுக்கொண்டு படித்தேன். வேறு எந்தக் குரல், தாராபுரத்தின் குரல்தான். மாடியிறங்கி வரும்போது காந்திபுரத்தின் ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும். பஸ்கள் என்னைச் சுற்றி மிதந்து போகும். ஒருநாள் என் பஸ் என்று நினைத்து உக்கடம் பஸ்ஸில் ஏறிவிட்டேன், டிக்கெட் வாங்கிய பிறகும் இறங்கத் தோன்றவில்லை. குளத்தங்கரையில் காற்று அடித்தது. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு என்ன வந்தது என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. இனித் தாங்காது என்று ஒருநாள் துணிந்துவிட்டேன். ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அவர்தானா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"உங்க போன் நம்பர் குடுங்க. ஒரு நிமிசம் பேசறேன்."

திரை அப்படியே நின்றது. மோடம் அறுந்துவிட்டதோ என்றுகூடப் பார்த்தேன்.

"போன் வேண்டாங்க" என்று வந்தது.

"ஏனுங்க?"

"நேர்ல பாக்கலாமுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. போனில் பேச மாட்டேன் என்று ஒரு ஆள், அதுவும் ஒரு டெலிபோன் ஆபரேட்டரிடம்! என் தாராபுரம் போனைக் கண்டு ஒளிகிற ஆளா? அவர் போனிலேயே வாழ்ந்தவர். அப்படியென்றால் இது அவரில்லை. யாரோ ஒரு பொய்க்காரன், ஊர்ப் பெயரைச் சொல்லி என் வாயைப் பிடுங்கியிருக்கிறான், நானும் அவன் எழுத்துக்கு இன்னொருவர் குரலைப் போட்டுக் கொண்டாடியிருக்கிறேன். அந்த வாரம் பேப்பரில் வேறு, சாட்டில் பழகி ஏமாந்த ஒரு பெண்மணியின் கதை அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. உரிமையாளரும் தன் பங்குக்குச் சொன்னார்: "போன்ல வர மாட்டீங்கறான்னா பொண்டாட்டி பக்கத்துல நிக்கறாள்னு அர்த்தமுங்கம்மா." நான் மாடியேறுவதை நிறுத்திவிட்டேன்.

பதினைந்து நாள் வீட்டிலேயே கிடந்தேன். ஏமாந்ததைவிட, அந்தக் குரலை இரண்டாம் தடவை இழந்ததுதான் வலித்தது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இனி யாருக்கு மறைக்க. தம்பி மகள் மெயில் போட்டிருப்பாளே என்று போனபோது, அவளுடையதற்குக் கீழே அமராவதியின் மெயில் ஒன்று இருந்தது. விலாசத்தைச் சாட்டில் எப்போதோ கொடுத்திருந்தேன்.

"வர்ற புதன்கிழமை பதினோரு மணிக்குக் காந்திபுரம் வாரனுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மாடில ஒரு சைவ ஓட்டல் இருக்குது. வெள்ளைச் சட்டை, கழுத்துல துண்டு. நீங்க வராட்டி உங்க மேல தப்பில்லீங்க."

வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு அதுதான் அடையாளம். போகக் கூடாது என்று நினைத்தேன். பிறகு, போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. புதன்கிழமை காலை மூன்று புடவை மாற்றினேன். திட்டப் போகிறவளுக்கு எதற்கு மூன்று புடவை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

அவர் எனக்குப் பிறகுதான் வந்தார், பஸ் தாமதம். அதற்குள் என்னிடம் 'எத்தனை பேர்' என்று கேட்ட சர்வர், இரண்டு என்றதும் 'பேமிலி ரூம்' என்று எழுதியிருந்த தடுப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அதில் வேறு எனக்கு எரிச்சல். ஒல்லியாக, நரைத்த தலையோடு ஒருவர் தடுப்புக்கு அருகில் வந்து நின்றார். சித்திரை வெயிலில் துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். கை கூப்பினார். நானும் கூப்பினேன். எதிரில் உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். என் காது முழுவதும் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, போன்லதான் பேசமாட்டீங்க. நேர்ல வந்துமா பேசக் கூடாது?" என்றேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் திட்டியதற்காக என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகம் கோணவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது காதை என் பக்கம் திருப்பி, சங்கீதம் கேட்பவர் போல இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, துண்டின் முடிச்சைத் தளர்த்தினார். தொண்டைக் குழியில் வெள்ளைத் துணி ஒட்டி, அதன் நடுவில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்க முடியாதா என்று இருந்தது எனக்கு.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பழுப்பேறிய, குறுகலான, கட்டம் போட்ட ட்ரங்க் கால் டிக்கெட்டுகள். போர்டைக் கழற்றிய நாளில் மிஞ்சியதை எடுத்து வைத்திருக்கிறார். வெளி ஆள் யாரிடமும் அது இருக்காது. குனிந்து எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்.

'ஒண்ணு, அமராவதில தண்ணி உட்டிருக்காங்க. போன வாரம் போய்ப் பாத்தனுங்க. ரெண்டு, ட்ரங்க்ல இருந்த இத்தன பேர்ல நீங்கதானான்னு எனக்குத் தெரியாது. நீங்க வாயத் தொறந்ததும் தெரிஞ்சுபோச்சுங்க. மூணு, தொண்டைல புத்துநோய். ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசமாச்சு. நாலு, உங்களுக்குத் தெரிஞ்சது என்ற கொரலு மட்டுந்தான். அது இல்லாம போன்ல நான் யாருங்க? அஞ்சு நீங்க சொல்லுங்க.'

எழுத்து கலங்கியது. நான் அதைக் கண்ணருகில் பிடித்து இரண்டு தடவை படித்தேன். சர்வர் வந்து தண்ணீர் டம்ளர்களை வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார், என்ன வேண்டும் என்று கேட்க. நிற்கட்டும். இந்தத் தடவை யார் பின்னால் நின்றாலும் நான் வயரை உருவப் போவதில்லை.

"அஞ்சு" என்றேன். டிக்கெட்டைக் கீழே வைத்தேன். மறுபடி ஆரம்பித்தேன். "அஞ்சு, அன்னிக்கு லைன் கட்டாகலீங்க. நாந்தான் பயந்துக்கிட்டு உருவிப்போட்டேன். உங்க கொரலுன்னா எனக்கு உசுருங்க. அதச் சொல்லத்தான் இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "இப்பவும் கேக்குதுங்க, தாராபுரம். நல்லாவே கேக்குது."

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, துவாரத்தில் துணி மட்டும் படபடத்தது. சர்வர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாரனுங்க என்று போய்விட்டார். தாராபுரம் அந்த டிக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, தொடங்கிய நேரம் என்ற கட்டத்தில் பதினொன்று நாற்பது என்று எழுதினார். முடிந்த நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல், பென்சிலைப் பையில் சொருகிக்கொண்டார்.